விளையாடிய கல்லூரிக்கே கோச்சாகத் திரும்பிய நட்சத்திரம்... 43 ஆண்டு காத்திருப்பு உடைந்தது எப்படி? முழு விளக்கம்

2024 டிசம்பர் 22. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் இருக்கும் லூயிவில் நகரம். கேஎஃப்சி யம் சென்டர் என்ற உள்ளரங்கில் 21 ஆயிரத்துக்கும் அதிகமானோர் உட்கார்ந்திருக்கிறார்கள். நடக்கப்போவது பெண்கள் கல்லூரி வாலிபால் இறுதிப்போட்டி.

ஒரு பக்கம் உள்ளூர் அணியான லூயிவில் பல்கலைக்கழகம். எதிர்ப்பக்கம் பென் ஸ்டேட், அதாவது பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம். முதல் சர்வீஸ் போடுவதற்கு முன்பே ஒரு விஷயம் உறுதியாகிவிட்டது. யார் ஜெயித்தாலும், ஒரு பெண் தலைமைப் பயிற்சியாளரின் அணிதான் கோப்பையைத் தூக்கப்போகிறது. இதில் என்ன ஆச்சரியம் என்று தோன்றலாம். 1981ல் தொடங்கிய இந்தத் தொடரில் அதுவரை 43 முறை சாம்பியன் பட்டம் கொடுக்கப்பட்டிருந்தது. ஆடியவர்கள் எல்லோரும் பெண்கள். ஜெயித்த அணிகளின் தலைமைப் பயிற்சியாளர்கள் 43 முறையும் ஆண்கள்.

அன்று ஜெயித்தது பென் ஸ்டேட். கோச்சின் பெயர் கேட்டி ஷூமேக்கர்-காவ்லி. இதே பென் ஸ்டேட் ஜெர்சியில் 1999ல் சாம்பியன் பட்டம் வென்றவர். கோப்பையைத் தொட்ட அந்த டிசம்பரில் அவர் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தார்.

எதிர்ப்பக்கம் நின்ற லூயிவில் கோச் டானி பஸ்பூம் கெல்லியும் ஒரு பழைய சாம்பியன்தான். அவர் ஆடியது நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துக்கு. தோற்ற அடுத்த மாதமே அவருக்கும் தன் பழைய கல்லூரியில் இருந்து அழைப்பு வந்தது.

பழைய நட்சத்திரம் தன் கல்லூரிக்கே கோச்சாகத் திரும்புவது கேட்க சினிமாக் கதை மாதிரி இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் கதை கொஞ்சம் வேற.

கல்லூரி மேட்ச்சுக்கு இவ்வளவு கூட்டமா?

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு தனி உலகம். என்சிஏஏ என்ற அமைப்பு இதை நடத்துகிறது. பெண்கள் வாலிபாலில் ஆகஸ்ட் கடைசியில் சீசன் தொடங்கும். டிசம்பரில் 64 அணிகள் மோதும் நாக் அவுட் தொடர் நடக்கும். ஒரு மேட்ச் தோற்றாலும் வீட்டுக்குத்தான்.

கூட்டத்துக்கு ஒரே ஒரு உதாரணம் போதும். 2023 ஆகஸ்ட் 30ஆம் தேதி நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் தன்னுடைய ஃபுட்பால் ஸ்டேடியத்தின் நடுவில் வாலிபால் கோர்ட் போட்டு மேட்ச் நடத்தியது. வந்தவர்கள் 92,003 பேர். நம்ம சேப்பாக்கம் ஸ்டேடியம் ஹவுஸ்ஃபுல் ஆனாலும் அதில் பாதிகூட தேறாது.

இவ்வளவு கூட்டம் வரும் இடத்தில் கோச் பதவி என்பது சாதாரண வேலை கிடையாது. ஊரில் எல்லோருக்கும் முகம் தெரியும். தோற்றால் எல்லோருக்கும் கருத்தும் இருக்கும்.

பெண்கள் ஆட்டத்தில் ஆண் கோச்கள் எப்படி வந்தார்கள்?

இங்கேதான் ஒரு விசித்திரம் இருக்கிறது. 1972ல் அமெரிக்காவில் ‘டைட்டில் 9’ என்ற சட்டம் வந்தது. அரசு நிதி வாங்கும் கல்வி நிறுவனங்களில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்பதுதான் சட்டம். அதனால் கல்லூரிகளில் பெண்கள் அணிகள் பெருகின. ஸ்காலர்ஷிப் வந்தது, நல்ல கோர்ட் வந்தது, பயணச் செலவுக்குப் பணம் வந்தது.

சட்டம் வருவதற்கு முன்பு பெண்கள் அணிகளின் கோச்களில் 10ல் 9 பேர் பெண்கள். பெரும்பாலும் சம்பளம் குறைவு, சில இடங்களில் சம்பளமே இல்லை. உடற்கல்வி ஆசிரியையே மாலையில் கோச்சாகவும் இருப்பார். சட்டம் வந்து, பதவிக்கு நல்ல சம்பளமும் மரியாதையும் வந்ததும் ஆண்களும் விண்ணப்பிக்கத் தொடங்கினார்கள். ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நாற்காலியில் இருந்தவர்களிலும் ஆண்களே அதிகம். விளைவு, இன்று எல்லா விளையாட்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் பெண்கள் அணிகளுக்குக் கோச்சாக இருக்கும் பெண்கள் பாதிக்கும் கீழே.

பெண்களுக்காக வந்த சட்டம் வீராங்கனைகளுக்குக் கதவைத் திறந்தது. அதே கதவு வழியாகக் கோச் பதவி கைமாறிப் போனது.

அதற்காகப் பெண் கோச்கள் ஜெயித்ததே இல்லை என்று சொல்லிவிட முடியாது. என்சிஏஏ வருவதற்கு முன்பு ஏஐஏடபிள்யூ என்ற பெண்கள் விளையாட்டு அமைப்பு போட்டிகளை நடத்தியது. அதில் 1978ல் யூட்டா ஸ்டேட் அணியைச் சாம்பியன் ஆக்கியவர் மேரி ஜோ பெப்ளர். அவரும் ஒலிம்பிக்கில் ஆடிய நட்சத்திரம்தான். என்சிஏஏ பெண்கள் போட்டிகளைக் கையில் எடுத்ததும் அந்தப் பழைய அமைப்பு மூடப்பட்டது. பெப்ளரின் பெயரும் சாதனைப் பட்டியல்களில் ஓரமாக ஒதுங்கிவிட்டது.

அதற்குப் பிறகு ரொம்ப நெருங்கி வந்தவர் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் மேரி வைஸ். 2003ல் இறுதிப்போட்டி, தோல்வி. 2017ல் மறுபடி இறுதிப்போட்டி, மறுபடி தோல்வி. 2025 தொடக்கத்தில் அவர் ஓய்வு பெற்றபோது அவரிடம் எல்லாம் இருந்தது, அந்த ஒரு கோப்பையைத் தவிர.

கேட்டி திரும்பி வந்த பாதை

கேட்டி சிகாகோ பெண். 1998 முதல் 2001 வரை பென் ஸ்டேட்டில் ஆடினார். தேசிய அளவில் சிறந்த வீராங்கனைகளுக்குத் தரப்படும் ‘ஆல் அமெரிக்கன்’ அங்கீகாரம் பெற்றவர். அவர் சேர்ந்த முதல் ஆண்டில் அணி இறுதிப்போட்டியில் லாங் பீச் ஸ்டேட்டிடம் 5 செட் ஆடித் தோற்றது. அடுத்த ஆண்டு ஸ்டான்ஃபோர்டை வீழ்த்தி, பென் ஸ்டேட் வரலாற்றின் முதல் கோப்பையை வென்றது.

ஆனா அந்தக் கோப்பைக்கும் தலைமைப் பயிற்சியாளர் பதவிக்கும் நடுவில் 22 ஆண்டுகள் இருக்கின்றன. இந்தக் கதையில் பலரும் தாவிப் போகிற பகுதி அதுதான்.

2009 முதல் 2016 வரை இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் சிகாகோ வளாக அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர். டிவியில் அதிகம் வராத, பெரிய பட்ஜெட் இல்லாத அணி. பிறகு 2017ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அது வேற, பென் ஸ்டேட் வேற. அது ஃபிலடெல்ஃபியாவில் இருக்கும் தனியார் பல்கலைக்கழகம்.

2018ல் அவர் எடுத்த முடிவு கவனிக்க வேண்டியது. தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர், பென் ஸ்டேட்டில் உதவிப் பயிற்சியாளராக வந்து சேர்ந்தார். பதவிப்படி பார்த்தால் ஒரு படி கீழே. அங்கே தலைமையில் இருந்தவர், அவருக்கே ஆட்டம் சொல்லிக்கொடுத்த ரஸ் ரோஸ். 1979 முதல் 43 சீசன் அந்த ஒரே அணியைப் பயிற்றுவித்தவர். 7 தேசியக் கோப்பைகள். 2007 முதல் 2010 வரை தொடர்ச்சியாக 109 மேட்ச் ஜெயித்த அணி அவருடையது. கல்லூரி வாலிபாலில் அவர் பெயரைச் சொன்னாலே தனி மரியாதை.

4 சீசன் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் கேட்டி. 2021 சீசன் முடிந்து ரோஸ் ஓய்வு பெற, 2022 ஜனவரியில் பதவி கேட்டி கைக்கு வந்தது.

இப்படிப்பட்ட நாற்காலியில் உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 26 ஜெயிப்பும் 8 தோல்வியும் வேறு ஒரு கல்லூரியில் நல்ல சீசன். பென் ஸ்டேட்டில் அது ‘என்னாச்சு?’ என்று கேட்க வைக்கும் சீசன். முதல் இரண்டு ஆண்டும் கோப்பை வரவில்லை.

பழைய நட்சத்திரம் என்ற பெயர் எவ்வளவு உதவும்?

நேர்மையாகச் சொன்னால், ரொம்பக் கொஞ்சம். 2024 அணியில் இருந்த செட்டர் இஸ்ஸி ஸ்டார்க் முதலாம் ஆண்டு மாணவி. கேட்டி 1999ல் கோப்பை தூக்கியபோது அந்தப் பெண் பிறக்கவே இல்லை. ‘நான் ஆடின காலத்துல’ என்று தொடங்கும் கதைக்கு இந்த வயதுப் பிள்ளைகளிடம் ஆயுள் கம்மி.

ஆட்டமே மாறிவிட்டது என்பது அதைவிட முக்கியம். கேட்டி ஆடிய 1999ல் சர்வீஸ் போடும் அணிக்கு மட்டும்தான் பாயின்ட். எதிரணி ஜெயித்தால் சர்வீஸ் மட்டும் கைமாறும், பாயின்ட் கிடைக்காது. 15 பாயின்ட் எடுத்தால் செட். நம்ம ஊர்களில் பழைய ஆட்டக்காரர்களைக் கேட்டால் இந்தக் கணக்கை இன்னும் சொல்வார்கள். அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஆட்டத்தில் 2001ல்தான் யார் ஜெயித்தாலும் பாயின்ட் என்ற முறை வந்தது. பின்வரிசையில் வேறு கலர் ஜெர்சியில் நின்று பந்தை எடுக்கும் ‘லிபரோ’ வந்தது 2002ல், அதாவது கேட்டி ஆடி முடித்த பிறகு. தான் ஆடும்போது இல்லாத ஒரு இடத்துக்கு அவர் ஆள் எடுத்துப் பயிற்சி கொடுக்க வேண்டியிருந்தது.

ஆள் எடுக்கும் முறையும் தலைகீழ். முன்பெல்லாம் ஒரு கல்லூரியில் சேர்ந்தால் 4 வருஷமும் பெரும்பாலும் அங்கேதான். இப்போது ‘டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்’ வழியாக மாணவிகள் கல்லூரி மாறலாம். கேட்டியின் முக்கிய ஆயுதமான ஜெஸ் ம்ரூசிக்கே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்து அப்படி வந்தவர்தான். இன்று இருக்கும் அணி அடுத்த ஆண்டு இருக்கும் என்று எந்தக் கோச்சும் நம்பிப் படுக்க முடியாது.

அப்படியென்றால் பழைய வீராங்கனை என்பதால் என்ன லாபம்? அந்த வளாகத்தில் அதிகாலைப் பயிற்சிக்கு எழுந்து போவது எப்படி இருக்கும், ரஸ் ரோஸ் மாதிரி ஒரு கோச்சிடம் திட்டு வாங்கிவிட்டு அடுத்த நாள் திரும்பி வருவது எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அதோடு, தோற்று அழுகிற 19 வயதுப் பெண்ணிடம் எப்போது பேச வேண்டும், எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்பதைப் பயிற்சிப் புத்தகங்கள் சொல்லிக்கொடுப்பதில்லை.

அந்த 4 மாதங்கள்

2024 சீசன் தொடங்கிய கொஞ்ச நாளில், செப்டம்பரில், கேட்டிக்கு இரண்டாம் நிலை மார்பகப் புற்றுநோய் என்று தெரியவந்தது. 3 பெண் குழந்தைகளின் அம்மா. அக்டோபர் தொடக்கத்தில் விஷயத்தை வெளியே அறிவித்தார். சிகிச்சை எடுத்துக்கொண்டே அணியையும் வழிநடத்துவேன் என்பதுதான் அந்த அறிவிப்பு. கீமோதெரபிக்குப் போய்வந்தார், பயிற்சிக்கும் வந்தார், மேட்ச்சுக்கும் வந்தார்.

இந்த இடத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை. இப்படிப்பட்ட செய்திகளைப் படித்துவிட்டு ‘அவர் வேலைக்குப் போனாரே, நீயும் போ’ என்று வீட்டில் சிகிச்சை எடுப்பவரிடம் சொல்லக் கூடாது. கீமோ ஒவ்வொருவர் உடம்பிலும் ஒவ்வொரு மாதிரி வேலை செய்யும். கேட்டிக்குப் பின்னால் மருத்துவர்களும், பாரத்தைப் பகிர்ந்துகொள்ள உதவிப் பயிற்சியாளர்களும் இருந்தார்கள்.

டிசம்பர் 19, அரையிறுதி. எதிரணி நெப்ராஸ்கா. முதல் இரண்டு செட்டும் போச்சு. நான்காவது செட்டில் நெப்ராஸ்கா மேட்ச் பாயின்ட் வரை போய்விட்டது. இன்னும் ஒரே ஒரு பந்து, கதை முடிந்தது என்ற நிலை. அங்கிருந்து அந்தச் செட்டை 28-26 என்று பறித்தது பென் ஸ்டேட். ஐந்தாவது செட் 15-13.

இறுதிப்போட்டியில் லூயிவில்லுக்குச் சொந்த ஊர், சொந்தக் கூட்டம். ஆனா அந்த அணியின் நட்சத்திரம் ஆனா டிபியர் அரையிறுதியில் காயம்பட்டதால் ஆட முடியவில்லை. முதல் செட் 25-23 பென் ஸ்டேட்டுக்கு. இரண்டாவது செட் இழுத்துக்கொண்டே போய் 34-32 என்று லூயிவில்லுக்கு. அதற்கப்புறம் 25-20, 25-17. ம்ரூசிக் மட்டும் 29 ஸ்மாஷ் பாயின்ட். 3-1 என்று பென் ஸ்டேட் சாம்பியன். சீசன் கணக்கு 35 ஜெயிப்பு, 2 தோல்வி. பென் ஸ்டேட்டுக்கு இது எட்டாவது கோப்பை, ரஸ் ரோஸ் இல்லாமல் வென்ற முதல் கோப்பை.

2025 ஜூலையில் நடந்த எஸ்பிஸ் விருது விழாவில் விடாமுயற்சிக்கான ஜிம்மி வி விருது கேட்டிக்குக் கொடுக்கப்பட்டது.

தோற்றவர் எங்கே போனார்?

இனி டானி பஸ்பூம் கெல்லிக்கு வருவோம். இவர் கதை இன்னும் முடியவில்லை, அதனாலேயே கூடுதல் சுவாரஸ்யம்.

டானி நெப்ராஸ்கா மாநிலத்தின் கார்ட்லண்ட் என்ற சின்ன ஊர்க்காரர். பல்கலைக்கழக அணியில் செட்டராக ஆடியவர், 2006ல் லிபரோவாக மாறினார். செட்டர் என்றால் ஒவ்வொரு பந்தும் அவர் கை வழியாகப் போகும், ஆட்டத்தின் மூளை. அதை விட்டுவிட்டு, தரையில் விழுந்து பந்து எடுக்கும் வேலைக்குப் போவது எல்லோரும் சிரித்த முகத்தோடு செய்யும் காரியம் கிடையாது. அந்த ஆண்டே அணி சாம்பியன்.

இறுதிப்போட்டி நடந்தது ஒமாஹா நகரில். அந்த அரங்கத்துக்கும் டானிக்கும் ஏதோ கணக்கு இருக்கிறது. 2015ல் நெப்ராஸ்காவின் உதவிப் பயிற்சியாளராக அதே அரங்கில் இரண்டாவது முறை கோப்பை. 2017 சீசனில் இருந்து லூயிவில்லுக்குத் தலைமைப் பயிற்சியாளர். 2022ல் அந்த அணியை இறுதிப்போட்டி வரை கொண்டுவந்தார், அதுவும் அதே ஒமாஹா அரங்கம். இந்த முறை டெக்சாஸிடம் 3-0 தோல்வி. 2024ல் கேட்டியிடம் தோல்வி.

2025 ஜனவரி கடைசியில் நெப்ராஸ்காவின் கோச் ஜான் குக் ஓய்வை அறிவித்தார். 25 சீசன், 4 கோப்பைகள். டானி ஆடியதும் அவரிடம்தான், உதவியாளராக இருந்ததும் அவரிடம்தான். அடுத்த கோச் யார் என்று தேடவே இல்லை, உடனே டானியின் பெயர் அறிவிக்கப்பட்டது. இப்போது கேட்டியும் டானியும் ‘பிக் டென்’ என்ற ஒரே லீக்கில்.

லூயிவில்லை யாரும் கவனிக்காத இடத்தில் இருந்து இறுதிப்போட்டி வரை உயர்த்தியவர் அவர். அங்கே தோற்றாலும் ‘இவ்வளவு தூரம் கொண்டுவந்தாரே’ என்பார்கள். நெப்ராஸ்காவில் அந்தச் சலுகை கிடையாது. போதாக்குறைக்கு, அணி ஆடும் அரங்கத்துக்கே இப்போது ஜான் குக் அரீனா என்று பெயர். தினமும் வேலைக்குப் போகும்போது வாசலில் முன்னாள் முதலாளியின் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும்.

முதல் சீசன் எப்படிப் போனது? 2025ல் தொடர்ச்சியாக 33 மேட்ச், 33 வெற்றி. ஒரு தோல்விகூட இல்லை. டிசம்பர் 14ஆம் தேதி, சொந்த ஊரான லிங்கனில், அதே ஜான் குக் அரீனாவில் காலிறுதி. டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியிடம் 5 செட் ஆடித் தோற்றது நெப்ராஸ்கா. 34வது மேட்ச்தான் அந்த சீசனின் ஒரே தோல்வி, அதோடு சீசனும் முடிந்தது.

டானிக்கு இது புதிதும் இல்லை. 2021ல் லூயிவில்லை 32-0 என்று கொண்டுபோய், அரையிறுதியில் விஸ்கான்சினிடம் தோற்றபோதும் 5 செட்தான்.

நெப்ராஸ்காவை வெளியேற்றிய டெக்சாஸ் ஏ அண்ட் எம், இறுதிப்போட்டியில் கென்டக்கியை 3-0 என்று வீழ்த்தி 2025 கோப்பையை வென்றது. அந்த அணியின் கோச் ஜேமி மாரிசன், ஆண். என்சிஏஏ பெண்கள் வாலிபாலின் 45 கோப்பைகளில் பெண் தலைமைப் பயிற்சியாளர் வென்றது இன்றைய கணக்குப்படி 1. நெப்ராஸ்கா கடைசியாகக் கோப்பை தூக்கியது 2017ல்.